பி2 லைசென்ஸோடு பினாங்கிலிருந்து நெடுந்தூரம் போக எந்த மோட்டார் சைக்கிள் வாங்கலாம்?

கேட்டவர் பட்டர்வொர்த்காரர். இப்போது யமஹா ஒய்15 என்ற 150 சிசி வண்டி ஓட்டுகிறார். வார நாட்களில் பாலம் ஏறி தீவிலுள்ள பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போக வேண்டும். விடுமுறை வந்தால் மனைவியை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர், கோத்தா பாரு, தாய்லாந்தின் ஹட்யாய் என்று சுற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மோட்டார். நானும் அதே கரையில் இருப்பவன், இந்தச் சாலைகளில் பல வருடமாக ஓட்டுகிறவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். பி2 வைத்திருந்தால் 250 சிசி வரைதான். பி1 என்றால் 500 வரை, முழு பி என்றால் எதையும் ஓட்டலாம். பி2-வை வைத்துக்கொண்டு நானூறு சிசியில் பறக்கும் ஆட்கள் ஊரில் உண்டு. ஏதாவது ஆகிவிட்டால் காப்புறுதிக்காரன் கேட்கும் முதல் கேள்வியே லைசென்ஸ்தான், அதனால் அந்த வழிக்கே போக வேண்டாம். சாலை வரியையும் கணக்கில் சேருங்கள். 200-க்கு மேல் 250 சிசி வரை வருடத்துக்கு 50 ரிங்கிட், 500 வரை 100, அதைத் தாண்டினால் 800 வரை ஒரேயடியாக 250.

ஒய்15-ஐக் குறை சொல்ல மாட்டேன். இந்த மாதிரிச் சின்ன கப்சாய் வண்டியிலேயே தாய்லாந்து போய் வருகிறவர்களுக்கு நம் ஊரில் குறைவே இல்லை. ஆனால் நாலு லிட்டர் சொச்சம் பிடிக்கும் டேங்க், சின்ன சீட், பின்னால் மனைவி, பெட்டி நிறையத் துணி என்று சேர்ந்தால் பாதி நாள் பெட்ரோல் நிலையம் தேடுவதிலேயே போய்விடும்.

என் யோசனை இதுதான்: நீங்கள் போகும் பாதைகளில் மிக மோசமான துண்டு எதுவோ அதற்கு ஏற்ற மோட்டாரை வாங்குங்கள். அதைத் தாங்குகிற வண்டி பாயான் லெப்பாஸுக்கும் தாராளமாகப் போகும்.

கோலாலம்பூர் போகும் ஹைவேயில் அந்தத் துண்டு கோலக் கங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவே, மெனோரா சுரங்கப் பாதைப் பக்கம். ஏற்றத்தில் லோரிகள் இடது தடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றைக் கடக்க வலது பக்கம் வந்தால் பின்னால் விரைவு பஸ் விளக்கடிக்கும். இரண்டு பேரும் பெட்டியுமாக இருக்கும்போது 250 சிசி ஆறாவது கியரில் திணறும். ஐந்தாவதுக்கு, சில சமயம் நாலாவதுக்கு இறக்கி முறுக்க வேண்டும். ஆபத்து என்று சொல்ல வரவில்லை, ஆனால் 350 கிலோமீட்டர் தூரத்தில் அந்தக் கத்தலும் அதிர்வும் கையில் தெரியும். ஒற்றை சிலிண்டரைவிட இரட்டை சிலிண்டர் இங்கேதான் காசுக்கு வேலை செய்கிறது.

அடுத்தது கோத்தா பாரு வழியில், கெரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982-இல் திறந்தது, நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் மலையும்தான். கெரிக்கில் டேங்கை நிரப்பாமல் ஏறவே கூடாது. சாலையில் யானைச் சாணம் கிடக்கும், சில நாள் யானையே நிற்கும், அதனால் பொழுது சாயும் முன் கடந்துவிடுங்கள். தார் உடைந்து குழி விழுந்த இடங்களும் உண்டு. 17 அங்குல முன் சக்கரத்தைவிட 19 அங்குலம் அந்தக் குழிகளை நன்றாகவே விழுங்கும். டயர் பஞ்சரானால்? டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக் கிளம்பலாம். டியூப் டயர் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். அந்தக் காட்டில் யாரைக் கூப்பிடுவது?

இதை வைத்துப் பார்த்தால் பி2-க்குள் எனக்குப் பிடித்தது கவாசாகி வெர்சிஸ் எக்ஸ் 250. இரட்டை சிலிண்டர், 17 லிட்டர் டேங்க், 19 அங்குல முன் சக்கரம், சீட் உயரம் 815 மில்லிமீட்டர். ஒரே குறை, கம்பிச் சக்கரமும் டியூப் டயரும். மாற்று டியூபையும் டயர் நெம்பியையும் பெட்டியில் போட்டுக்கொண்டால் அதையும் சமாளிக்கலாம். சுசுகி வி-ஸ்ட்ரோம் 250 எஸ்எக்ஸ் டியூப்லெஸ், எடையும் குறைவு. ஆனால் ஒற்றை சிலிண்டர், டேங்க் 12 லிட்டர்தான். தனியாகப் போகிறவருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன்.

முழு பி எடுக்கத் தயார் என்றால் பேச்சே வேறு. பழைய ஹோண்டா சிபி500எக்ஸ் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். 471 சிசி, இரட்டை சிலிண்டர், டியூப்லெஸ், 2019-க்குப் பிந்தையதில் 19 அங்குல முன் சக்கரம். நிதானமாக ஓட்டினால் ஒரு டேங்கில் கோலாலம்பூர் போய்ச் சேரலாம். மெனோரா ஏற்றத்தில் கியரைத் தொடக்கூடத் தேவைப்படாது. வெர்சிஸ் 650 அதைவிடச் சொகுசு, ஆனால் தினமும் வேலைக்கு எடுத்துப் போக அத்தனை எடை எதற்கு? ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மீது நம்மவர்களுக்கு ஒரு தனிப் பாசம் இருக்கிறது, எனக்கும் உண்டு. மலைப் பாதையில் அருமை. இரண்டு பேரோடு ஹைவேயில் 110-ஐப் பிடித்துக்கொண்டே போவது அதன் குணத்துக்கு ஒத்துவராது.

பெட்டி விஷயத்தில் ஒன்று. மூன்று பெட்டி மாட்டினால் பார்க்க ஜோராக இருக்கும். அப்படியே கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் தடத்தில் நுழைந்து பாருங்கள், குறுகலான வளைவுகளில் பக்கப் பெட்டி எங்கே இடிக்குமோ என்று உயிர் போகும். காலை நெரிசலில் பாலத்திலும் அதே கதை. வேலை நாளில் பக்கப் பெட்டிகளைக் கழற்றி வீட்டில் வைக்கும்படி மாட்டுங்கள். மேல் பெட்டியில் கனமானதைப் போடாதீர்கள். எடை பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும், இரண்டாவது பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது அது நன்றாகவே தெரியும்.

ஹட்யாய்க்கு வண்டியின் கிரான், அதாவது பதிவுப் பத்திரம், உங்கள் பெயரில் இருந்தால் தலைவலி குறைவு. தாய்லாந்துக் காப்புறுதியை எல்லைக்கு முன்னால் சங்லூனிலேயே எடுத்துவிடலாம்.

அப்புறம், வண்டி பார்க்கப் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். இருவரும் ஏறி உட்கார்ந்தபின் உங்கள் கால் தரையில் ஊன்றுகிறதா, பின் ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது, அதை இறுக்க என்ன கருவி வேண்டும் என்று கேளுங்கள். பின் சீட் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், வேறு வண்டி பாருங்கள்.