தக்கலை பால் பைத்தான்: காட்டுல மட்டும் விட்றாதீங்க

தம்பி வாட்ஸாப் குரூப்ல பாத்து வாங்கின பால் பைத்தானுக்கு (ball python, வெளிநாட்டு மலைப்பாம்பு) பேப்பர் இல்ல, அம்மா பயப்படுறாங்க, ராத்திரியே பேச்சிப்பாறை காட்டுப்பக்கம் விட்டுரலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம். அது ஆப்பிரிக்கப் பாம்பு. நம்ம மழைக்காட்டுல பிழைக்காம போகலாம், இல்லன்னா நோயைப் பரப்பலாம். போற வழியில சோதனைச் சாவடியில மாட்டினா, "விடத்தான் போறேன்"னு சொன்னா யார் நம்புவா?

முதல்ல அது பால் பைத்தான்தானான்னு பாருங்க. பயந்தா தலையை நடுவுல வச்சுப் பந்தா சுருளும், வால் குட்டையா இருக்கும். தலைமேல ஈட்டிமுனை மாதிரி அடையாளம் இருந்தா நம்மூரு மலைப்பாம்புக் குட்டியா இருக்கலாம். அப்படின்னா அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணை 1, அதாவது உச்சபட்ச பாதுகாப்பு உள்ளது, விஷயம் இன்னும் பெரிசு.

பால் பைத்தான் சைட்டிஸ் (CITES, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல உள்ளது. அந்தச் சட்டத்தோட 2022 திருத்தம், 2024 விதிகள்படி இதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு செய்யணும். பேப்பரே தராம வித்திருக்கான்னா கடத்தல் சரக்கா இருக்க வாய்ப்பு அதிகம். பாங்காக்ல இருந்து பெட்டிக்குள்ள அடைச்சு வந்து சென்னை ஏர்போர்ட்ல பிடிபடுற செய்தி அடிக்கடி வருதே.

நீங்க வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசிட்டு, நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துல எழுதிக் கொடுத்து ஒப்படைச்சு, நகல்ல கையெழுத்து வாங்குங்க. சாட், பணம் அனுப்பின விவரம் எதையும் அழிக்காதீங்க. வேற யாருக்கும் வித்துடவும் கூடாது. அதுவரை மூடியைப் பூட்டி வைங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா கம்பைத்தான் எடுப்பாங்க.