கிருமியின் டி.என்.ஏ.யை உடம்பு எப்படி இனங்காண்கிறது?

கேள்வி: ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறேன். சென்ற மாதம் எலிக்காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் இருந்தேன். இரத்தத்தில் கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். நம் உடம்பிலும் டி.என்.ஏ.தானே இருக்கிறது, உடம்பு எப்படி இரண்டையும் பிரித்தறிகிறது? முதல் ஊசி போட்ட சில மணித்தியாலங்களில் நடுக்கம் கூடியது ஏன்?

பதில்: ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர் என்றால் பாதி விடை உங்களுக்கே தெரியும். அங்கே போலவே உடம்பும் கேட்பது, எங்கே நிற்கிறீர்கள், தாளில் முத்திரை இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள்தான்.

முதலில் முத்திரை. டி.என்.ஏ.யில் சி, ஜி என்ற எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடங்கள் மனிதரில் குறைவு. இருப்பவற்றிலும் பெரும்பாலானவற்றின் மேல் மெதைல் என்ற சிறு இரசாயனக் குறி ஒட்டியிருக்கும். பற்றீரியாவில் அந்த இடங்கள் ஏராளம், குறியும் பொதுவாக இராது. இரத்தத்திலுள்ள வெள்ளைக் கலம் கிருமியை விழுங்கி, தனக்குள் ஒரு பையில் வைத்துச் செரிக்கும்போது வெளிப்படும் இந்தக் குறியில்லாத துண்டுகளை, பையின் சுவரிலுள்ள டி.எல்.ஆர்.9 என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. ஜப்பானின் ஷிசுவோ அகிரா குழு 2000இல் இதைக் காட்டியது.

அடுத்தது இடம். நம் டி.என்.ஏ. கலத்தின் கருவிலும் இழைமணியிலும் அடைபட்டிருக்க வேண்டியது. வெளியே கலத்திரவத்தில் அலைந்தால் சி-காஸ் என்ற இன்னொரு புரதம் மணியடிக்கும். அது எழுத்தைப் படிப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே சொந்த டி.என்.ஏ. சிந்தினாலும் கூச்சலிடும். உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில் இத்தகைய குழப்பத்துக்கும் பங்குண்டு.

எலிக்காய்ச்சல் கிருமி கொஞ்சம் கள்ளன். இதைப் போன்ற பல பற்றீரியாக்களை அவற்றின் மேலுறையைக் கொண்டே நம் உடம்பு கண்டுகொள்ளும். இதன் உறையோ, உறையை இனங்காணும் மனித உணரிக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.

ஊசி போட்டதும் கிருமிகள் கூட்டமாக உடைந்து, உள்ளே இருந்தவையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகின்றன. எல்லா மணிகளும் சேர்ந்து அடித்ததுதான் உங்கள் நடுக்கம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அதற்குப் பயந்து மருந்தை இடையில் நிறுத்துவதுதான் ஆபத்து. சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்று இருந்துவிடாதீர்கள். இக்கிருமியில் பல வகைகள் உண்டு. பெரும்போகத்துக்கு வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நோய் வராமல் தடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிக் கேளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உங்கள் குளிசையை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.