புல்தரையில் இறங்கிவிடலாம், மறுபடி ஏற முடியுமா?

இங்கிலாந்தின் செல்ட்டனத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிபிஎல் (சொந்தமாகப் பறக்கும் தனியார் விமானி உரிமம்) வாங்கி ஒரு வருடம் ஆகிறது, மொத்தம் எழுபது மணி நேரம் பறந்திருக்கிறார். கிளப்பின் நான்கு இருக்கைச் சிறு விமானமான பைப்பர் வாரியரில் மனைவியையும், மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு டார்செட்டில் புல் ஓடுதளம் கொண்ட காம்ப்டன் அபாஸ் விமானத்தளத்துக்குக் காலை உணவுக்குப் போக ஆசை. இதுவரை தார் ரன்வே தவிர வேறெதிலும் இறங்கியதில்லையாம். "வழியில் சாலிஸ்பரி சமவெளியின் ராணுவ அபாயப் பகுதிகள் இருக்கின்றன. தெரியாமல் உள்ளே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் எண்ணம். ஆனாலும் நீங்கள் கேட்டதற்கே முதலில் வருகிறேன்.

உங்கள் ஊர் விமானத்தளமான ஸ்டேவர்ட்டனிலிருந்து காம்ப்டன் அபாஸுக்கு விமானிகளின் வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தால் ஏறக்குறைய நேர் தெற்கு, 55 கடல் மைல். அந்தக் கோடு வெஸ்ட்பரியில் மலைச்சரிவில் வரைந்திருக்கும் வெள்ளைக் குதிரையை ஒட்டிப் போகும். அதற்கு இடப்பக்கம் உரசுகிற தூரத்தில் இம்பர் ராணுவப் பயிற்சிக்களம், படத்தில் டி123 என்ற அபாயப் பகுதி. 1943-ல் ஊரையே காலி செய்து ராணுவம் எடுத்துக்கொண்ட இடம். வலப்பக்கம் பிரிஸ்டல் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி படிப்படியாக இறங்கி வருகிறது. இரண்டுக்கும் நடுவே சந்து இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தின் இடது சுவரை உரசிக்கொண்டு போவானேன்? ட்ரோபிரிட்ஜ், ஃப்ரோம், கில்லிங்கம் என்று மேற்கே வளைந்து போங்கள். கூடுதலாக நான்கு மைல்தான், வாரியருக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. பழைய பைலட்டுகள் இந்தப் பக்கம் வந்தால் வெஸ்ட்பரி சிமென்ட் ஆலையின் 122 மீட்டர் புகைபோக்கியைப் பார்த்துத்தான் வழி வைத்துக்கொள்வார்கள். 2016-ல் அதை இடித்துவிட்டார்கள், இப்போது குதிரைதான் கதி. குதிரை உங்கள் இடப்பக்கம் நன்றாகத் தள்ளித் தெரிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

படத்தில் அபாயப் பகுதியின் எல்லை முழுக்கோடாக இருந்தால் அறிவித்த நேரங்களில் அங்கே வேலை நடக்கும். விட்டுவிட்டு வரும் கோடாக இருந்தால் நோட்டாம் (விமானிகளுக்கான அவ்வப்போதைய அறிவிப்பு) வந்தால்தான் விழித்துக்கொள்ளும். எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு எழுதியிருப்பது மேல் எல்லை, ஆயிரம் அடிக் கணக்கில். கடக்க அனுமதி தரும் சேவையின் அலைவரிசை படத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். பதில் வராவிட்டால் அது பூட்டிக் கிடக்கிறது என்று நினைக்காதீர்கள், சுடுகிறார்கள் என்றே நினைத்துச் சுற்றிப் போங்கள். பிரிஸ்டல் பக்கம் இரண்டு மைல், கட்டுப்பாட்டு அடுக்குக்குக் கீழே போனால் 200 அடி இடைவெளி என்பது இங்கே எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. கிளம்பும் காலையில் நோட்டாமைப் புதிதாகப் பாருங்கள். கோடையில் விமானப்படையின் ரெட் ஏரோஸ் குழுவின் சாகசம் நடக்கும் இடத்தில் எல்லாம் தற்காலிகத் தடை வந்துவிடும், அது அச்சிட்ட படத்தில் இருக்காது. வழி தப்பியதாகச் சந்தேகம் வந்தால் 121.5 என்ற அவசர அலைவரிசையில் கூப்பிட்டு "நான் எங்கே இருக்கிறேன்" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி நீங்கள் கேட்காத விஷயம். காம்ப்டன் அபாஸ் ஷாஃப்ட்ஸ்பரிக்குத் தெற்கே மேட்டின்மேல், கடல் மட்டத்திலிருந்து 800 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. புல் ஓடுதளத்தின் நீளம் சுமார் 800 மீட்டர். உங்கள் விமானத்தின் கையேட்டில் அன்றைய எடை, வெப்பம், உயரம் எல்லாம் போட்டுப் பார்த்தபோது 50 அடி உயரம் எட்ட 500 மீட்டர் வேண்டும் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். காய்ந்த புல்லுக்கு 1.2 ஆல் பெருக்கச் சொல்கிறது பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏ. ஈரப்புல் என்றால் 1.3. அதன்மேல் பாதுகாப்புக்கு 1.33. காய்ந்த புல்லில் 798 மீட்டர், ஓடுதளத்துக்குள் நூலிழையில் அடங்குகிறது. இரவில் மழை பெய்திருந்தால் 865. அடங்கவில்லை.

இறங்குவதற்கு அதே கையேடு 350 மீட்டர் சொன்னால், ஈரப்புல்லுக்கு 1.35, பாதுகாப்புக்கு 1.43 என்று பெருக்கினாலும் 676 தான். ஜம்மென்று இறங்கிவிடுவீர்கள், முட்டையும் பேக்கனும் சாப்பிடுவீர்கள். அப்புறம்தான் சிக்கல். போன வழியில் வந்துவிடலாம் என்று நினைக்கிற புது பைலட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது கிளம்பி வருவதை முதலில் போடுங்கள், இறங்குவதை அப்புறம்.

எடைதான் உங்கள் கையில் இருக்கும் துருப்பு. பத்து சதவீதம் எடை கூடினால் ஏறும் தூரம் இருபது சதவீதம் கூடும். ஆகவே டேங்கை நிரப்பாதீர்கள், போய்வரத் தேவையானதும் கையிருப்பும் போதும். அம்மாவிடம் எடை கேட்கக் கூச்சமாக இருந்தால் குளியலறைத் தராசில் நிற்க வையுங்கள், அவர் கொண்டுவரும் டிபன் கேரியரையும் சேர்த்து.

புல்லில் ஓட்டுவதும் வேறு மாதிரி. தரையில் நகரும்போது கண்ட்ரோலை வயிற்றோடு இழுத்துப் பிடியுங்கள், மூக்குச் சக்கரத்தின் பாரம் குறையும். ஈரத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், விமானம் வழுக்கிக்கொண்டே போகும். மேட்டுத் தளம் என்பதால் காற்று சரிவைத் தாண்டி வரும் நாளில் ஓடுதளத்தின் முனையில் திடீரென்று கீழே அமுக்கும். கடைசி நேரத்தில் வேகத்தைக் குறைக்காதீர்கள்.

முன்அனுமதிக்குப் போன் செய்வதைச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். "நேற்று மழையா? எந்தப் பக்கம் சொதசொதவென்று இருக்கிறது? எந்தக் கிராமத்துக்கு மேலே பறக்கக் கூடாது?" என்று கேளுங்கள். அங்கே தினமும் புல்லை மிதிப்பவர்களுக்குத் தெரிவது எந்தச் செயலியிலும் இல்லை.

முதல் தடவை உங்கள் பயிற்றுநரோடு போய் வாருங்கள். பல கிளப்புகள் அதைக் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன. பயணிகளை ஏற்றக் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் விசா முடிவதற்குள் வறண்ட வாரம் ஒன்று வராமலா போகும்? வராவிட்டால் ஸ்டேவர்ட்டனிலேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டுங்கள், காலை உணவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.