காசு வாங்கிப் பாடுறவங்க வந்தா நாங்க விலகிடணுமா - பதில்

வணக்கம்ங்க. உங்க சிகாகோ சர்ச்ல நாலு புரொஃபஷனல் சிங்கர்ஸை சம்பளத்துக்கு ரெசிடென்ட் ஆர்ட்டிஸ்ட்டா எடுக்குறாங்க, இத்தனை வருஷம் கொயர்ல, அதாவது சர்ச் பாடகர் குழுவுல, சம்பளமில்லாம பாடின ஆல்டோக்கள் (பெண்கள்ல கீழ்க்குரல் பாடுறவங்க) நாங்க விலகிடலாமான்னு யோசிக்கிறோம்னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு இப்பவே விலகாதீங்க.

சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்னு மேலேருந்து கீழ வரை நாலு குரல் வகை, அதுல குரலுக்கு ஒருத்தரை சம்பளத்துக்கு வைக்கிறது அமெரிக்க சர்ச்சுகள்ல ரொம்ப பழைய வழக்கம், 19ஆம் நூற்றாண்டுல கொயரே இல்லாம அந்த நாலு பேர் மட்டும் பாடின இடங்களும் உண்டு, அதனால உங்க பயம் நியாயம்தான். ஆனா ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1730ல லைப்சிக் நகரசபைக்கு எழுதின மனுவுல குரலுக்கு குறைஞ்சது மூணு பேர் கேக்குறார், தனிப்பாட்டுக்காரங்களும் வேணும், கோரஸ்ல சேர்ந்து பாடுறவங்களும் வேணும்ங்கிறார். எவ்வளவு பெரிய ஆள், அவருக்கே ரெண்டும் தேவைப்பட்டிருக்கு!

கண்டக்டர்கிட்ட நேரா பேசுங்க. அவங்க நாலு பேரும் முன்னாடி தனியா நிக்கப்போறாங்களா, இல்ல அவங்கவங்க குரல் பாடுற செக்‌ஷன் நடுவுலயான்னு முதல்ல கேளுங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா நல்லா சைட் ரீடிங் பண்றவங்க, அதாவது நோட்டைப் பாத்த உடனே பாடுறவங்க, பக்கத்துல நின்னா சுருதியும் எங்க பாட ஆரம்பிக்கணும்ங்கிற என்ட்ரியும் தானா பிடிபடும், அவங்க உங்களுக்குப் பின்னாடி நின்னா இன்னும் நல்லா கேக்கும், எதிர்ல நின்னா வெறும் கச்சேரி பாக்குற மாதிரி ஆயிடும். செக்‌ஷன் ரிகர்சல் அவங்க எடுப்பாங்களா, சோலோல உங்களுக்கும் பங்கு உண்டா, சம்பளம் எந்த ஃபண்ட்லேருந்து வருதுன்னும் கேளுங்க. பதிலை இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.