கீமோவில் நின்ற மாதவிலக்கு

கேள்வி: எனக்கு வயது 38. மார்பகப் புற்றுநோய், ஹார்மோனுக்கு வளரும் வகை. பினாங்கில் கீமோ எடுக்கிறேன்: முதலில் ஏசி என்ற மருந்துக் கூட்டு நான்கு முறை, இப்போது பக்லிடாக்சல் மருந்து. மூன்றாவது ஏசிக்குப் பிறகு மாதவிலக்கு வரவில்லை. இரவில் உடம்பு கொதிக்கிறது. “இனி உனக்கு வராது” என்கிறார் அக்கா. வரவழைக்க மாமியார் காச்சிப் பாத்திமா என்ற மலாய் மூலிகை மருந்தை வாங்கி வந்திருக்கிறார். குடிக்கலாமா டாக்டர்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மாமியார் அக்கறையோடுதான் வாங்கியிருப்பார். ஆனால் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள். பெண் ஹார்மோன்போல வேலை செய்யக்கூடிய பொருள்கள் அந்த மூலிகையில் உண்டு. உங்கள் கட்டியோ அந்த ஹார்மோனில்தான் வளர்கிறது. ஜமு, மக்ஜூன் போன்ற நாட்டு மருந்து எதுவும் வேண்டாம். எள்ளுருண்டையும் பப்பாளியும் சாப்பாடாகச் சாப்பிடுங்கள்; அவற்றால் மாதவிலக்கு திரும்பாது.

ஏசி கீமோவில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து இருக்கிறது. சினைப்பையை அதிகம் தாக்குவது அதுதான். வளர்ந்துகொண்டிருக்கும் முட்டைகள் முதலில் அழிகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்குகிறது, விலக்கு நிற்கிறது, உடம்பு கொதிக்கிறது. தூங்கிக் கிடக்கும் இருப்பு முட்டைகளிலும் ஒரு பகுதி போய்விடும், போனது திரும்பாது. எவ்வளவு மிஞ்சும் என்பதை வயதும் மருந்தின் மொத்த அளவும் தீர்மானிக்கின்றன. 40 வயதுக்குக் கீழே பலருக்குக் கடைசி கீமோ முடிந்து 6 முதல் 12 மாதங்களில் விலக்கு திரும்புகிறது. சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். 40ஐத் தாண்டினால் நிரந்தரமாக நிற்பது அதிகம். அக்கா சொன்னது இப்போதைக்கு அவசர முடிவு.

இதைவிட முக்கியமான ஒன்று: விலக்கு இல்லை என்றால் கரு தங்காது என்று நினைத்துவிடாதீர்கள். முட்டை வெளியாகி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் இரத்தம் வரும். திரும்பி வரும் முதல் முட்டை சொல்லிக்கொண்டு வராது. கீமோ காலத்திலும் பிறகும் ஆணுறை அல்லது காப்பர் வளையம் பயன்படுத்துங்கள். கருத்தடை மாத்திரை, ஊசி, ஹார்மோன் வளையம் கூடாது.

கீமோ முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன் கட்டியை வளர்க்காமல் தடுக்கும் தமோக்சிஃபென் மாத்திரை தரலாம், தினம் 20 மில்லிகிராம். அதுவும் விலக்கைக் குழப்பும், நிறுத்தும். “விலக்குதான் நின்றுவிட்டதே” என்று, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோலுக்கு மாற்றச் சொன்னால், கட்டாயம் கேள்வி கேளுங்கள். உயிரோடிருக்கும் சினைப்பையை அந்த மாத்திரைகளால் அடக்க முடியாது. சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை மூளை அதிகமாக அனுப்பி அதை எழுப்பிவிடக்கூடும். கூடவே 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலின் கீழ் கோசெரலின் 3.6 மில்லிகிராம் ஊசி போன்ற அடக்கும் சிகிச்சை வேண்டும். எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) பரிசோதனைகளை ஒரு தடவை பார்த்து முடிவெடுக்கக் கூடாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கீமோவுக்கு இடையில் இரத்தப்போக்கு ஏற்பட்டு மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, அடுத்த அப்பாயின்மென்ட்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தத் தட்டுகளோ வெள்ளணுக்களோ குறைந்திருக்கலாம்.

கேள்வி: வயது 31. அடுத்த மாதம் கீமோ. குழந்தை வேண்டும். என்ன வழி?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இந்த வாரமே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லி, கருத்தரிப்பு நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். முட்டையை எடுத்து உறைய வைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். மார்பகப் புற்றுநோய் என்றால், ஈஸ்ட்ரோஜன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் சேர்த்துத் தருவார்கள். சினைப்பையைக் காக்கும் கோசெரலின் ஊசியை, முதல் கீமோவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே போட வேண்டும். அது பாதிப்பைக் குறைக்கும்; உறைய வைத்த முட்டைக்கு மாற்றாகாது.