எடைப் பதிவேட்டில் இல்லாத குழந்தை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. "இருபது வருசமா அங்கன்வாடியில நான் பட்ட பாடு போதாதா, இவளும் அங்கன்வாடியப் பத்தியே படிக்கணும்ங்கிறா" என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கூடவே வைத்திருந்த மகளின் கடிதத்தையும் படித்தேன். உங்கள் பயத்தில் பாதி நியாயம். மீதிப் பாதி, அவள் படிக்க நினைப்பது என்னவென்று யாரும் உங்களுக்கு நிதானமாகச் சொல்லாததால் வந்தது. ஊரும் பெயரும் வெளியே வேண்டாம் என்றிருந்தீர்கள். மதுரை மாவட்டம், செல்லம்பட்டிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மையத்தைத் திறப்பது, எடை போடுவது, சத்துமாவு கொடுப்பது, முட்டைக் கணக்கு எழுதுவது, விவரமெல்லாம் ஏற்றச் சொல்லும் போஷன் ட்ராக்கர் செயலியோடு மல்லுக்கட்டுவது, இதெல்லாம் உங்கள் வேலை. அந்த மையம் எந்தத் தெருவில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், அதில் எத்தனை பேர் இருந்தால் வேலை நடக்கும், எந்தக் குழந்தைக்கு எது போய்ச் சேரவில்லை என்பதைக் கணக்கும் சாட்சியும் வைத்து அரசுக்குச் சொல்வது உங்கள் மகள் கேட்கும் வேலை. கொள்கை ஆய்வு என்று அதற்குப் பெயர். "சமத்துவ நோக்கில்" என்றும் ஒரு சொல் சேர்த்திருக்கிறாள். சராசரியைச் சொல்லிவிட்டு எழுந்து போகாமல், சராசரிக்குக் கீழே யார் யார் கிடக்கிறார்கள் என்று தேடிப் போவது என்று அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

தேசிய குடும்ப நல ஆய்வு என்று ஒன்று நடக்கிறது. 2019-21 சுற்றின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 சுற்றில் 27.1. இந்தியா முழுமைக்கும் 2019-21-ல் 35.5. பேப்பரில் இதைப் பார்த்தால் "பரவாயில்லையே, நாம முன்னேறித்தான் இருக்கோம்" என்று தோன்றும், உண்மையும்தான். ஆனால் நாலில் ஒரு குழந்தை என்கிறார்களே, அந்த ஒன்று எந்த வீட்டுக் குழந்தை? அந்த ஆய்வுக்குத் தமிழ்நாடு முழுவதும் போன வீடுகள் சுமார் 28,000. அன்றைய 32 மாவட்டத்துக்குப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்குத் தொள்ளாயிரம்கூட வராது. அதில் சின்னக் குழந்தை உள்ள வீடு இன்னும் கொஞ்சம். உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. ஊர்ப் பக்கத்துக்கும் காலனிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சுத்தமாக முடியாது. அதைக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, பதில் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும்.

இது டில்லிக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் தொடங்கியபோது, முதலில் சோதித்துப் பார்த்தது நம் மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். 6 மாதத்திலிருந்து 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். இரண்டே வருடத்தில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் எடை பார்த்து ஆள் பிரிப்பது கிடையாது, மையத்துக்கு வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் சோறு. தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பதா, எல்லாருக்கும் கொடுப்பதா? முதல் வழியில் பணம் சரியான இடத்துக்குப் போகும், ஆனால் "எம்புள்ள என்ன நோஞ்சானா?" என்று தாய் முகம் சுருங்குவாள். இரண்டாவது வழியில் யாருக்கும் கூச்சமில்லை, ஆனால் மையத்துக்கு நடந்து வர முடியாத ஒன்றரை வயதுக் குழந்தை விட்டுப்போகும். இந்த வாதம் இன்னும் முடியவில்லை. உங்கள் மகள் போய் உட்கார நினைப்பது இந்த வாதத்தின் நடுவில்தான். நீங்கள் எடை மெஷினோடு இதைத்தானே தினமும் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று சொல்கிறேன், இது உங்களுக்கே பிடிக்கும். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இரண்டு பேரும் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரை நேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். மீதி மையங்கள் பழையபடியே. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், கூடுதல் ஆள் இருந்த மையங்களில் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது, மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னே போயிருந்தார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்திருந்தது. பாடம் நடத்த வேறு ஆள் இருந்ததால், பழைய டீச்சருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. "ஒரே ஆளு எத்தனையத்தான் பாக்குறது" என்று நீங்கள் செக்டார் மீட்டிங்கில் சொன்னால் புலம்பல். 640 மையத்தில் அளந்து சொன்னால் அது சான்று. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிலைமை அப்படித்தான்.

இப்போது மகளைப் பற்றி. அவள் கடிதத்தில் "சமூக நீதி" ஐந்து இடத்தில் வருகிறது. "புள்ளியியல்" ஓரிடத்தில்கூட இல்லை. பி.ஏ. பொருளாதாரம் படித்தவள், மூன்றாம் வருடக் கணக்குத் தாளில் மதிப்பெண்ணும் சுமார். இதுதான் என் கவலை. உங்கள் கவலைகளில் இது இல்லை என்பது வேறு விஷயம். இந்தத் துறைக்கு மனம் இளகியவர்கள் நிறைய வருகிறார்கள். மாதிரிக் கணக்கெடுப்பு எப்படிச் செய்வது, தற்செயலாக வந்த வித்தியாசத்தையும் உண்மையான வித்தியாசத்தையும் எப்படிப் பிரிப்பது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. அது தெரியாமல் போனால் கடைசிவரை அடுத்தவர் எழுதிய படிவத்தை வீடு வீடாக நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதில் நானே ஒருமுறை தப்புச் செய்திருக்கிறேன். சில வருடம் முன்பு, நல்ல துடிப்பான பையன் ஒருவனை "முதலில் களத்துக்குப் போ, கணக்கெல்லாம் தன்னால் வரும்" என்று ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். மூன்று வருடம் சர்வே எடுத்தான். அவன் கொண்டுவந்த விவரத்தை வைத்துச் சென்னையில் யாரோ அறிக்கை எழுதினார்கள், நன்றியுரையில்கூட அவன் பெயர் இல்லை. கணக்குத் தன்னால் வரவில்லை. அதிலிருந்து இந்தப் புத்தியை யாருக்கும் சொல்வதில்லை.

ஆகவே இந்த வருடமே, புள்ளியியல் கணக்குப் போட உதவும் ஆர் (R) என்கிற மென்பொருளைப் பழகச் சொல்லுங்கள். இலவசம்தான். குடும்ப நல ஆய்வின் மதுரை மாவட்டச் சுருக்க அறிக்கை இணையத்தில் கிடைக்கும். அதைப் பக்கத்து மாவட்டத்தோடு ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அலுப்பாக இருந்தால் இந்தத் துறை வேண்டாம் என்று இப்போதே தெரிந்துவிடும், செலவும் மிச்சம்.

மேற்படிப்புக்கு வழி நிறைய இருக்கிறது. பெங்களூரில் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் பக்கம் என் மனம் சாய்கிறது. கல்வி, வளர்ச்சித் துறை இரண்டிலும் முதுகலை உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்துக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கணக்கில் தேறிவிட்டால், குடும்ப நல ஆய்வையே நடத்துகிற மும்பை தேவ்னார் மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்துக்கும் போகலாம். டில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் முன்பருவக் கல்விக்கென்றே முதுகலை உண்டு, ஆனால் அவள் ஆசிரியப் பயிற்சியை விடக் கொள்கைப் பக்கம் சாய்வதால் அதை இரண்டாவதாக வைக்கிறேன். வெளியூர் அனுப்ப மனமில்லை என்றால் காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கவே இருக்கிறது, வாரம் ஒருநாள் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவரும் தூரம்.

ஆங்கிலத்தைப் பற்றி அவளே பயப்படுகிறாள். அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை வாங்கிப் படித்த பிள்ளை. பேசும் ஆங்கிலம் முதல் ஆறு மாதம் உதைக்கும், அப்புறம் பழகிவிடும். எழுதும் ஆங்கிலத்துக்குத்தான் உழைக்க வேண்டும்.

சம்பளமும் வருடக் கணக்கும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "தலைமை ஏற்று நடத்தும் ஆய்வாளர்" ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். இப்போது 21. முதுகலை முடிக்க 23. அதன்பிறகு ஓர் ஆய்வு நிறுவனத்தில் உதவியாளராக இரண்டு மூன்று வருடம். அப்துல் லத்தீஃப் ஜமீல் வறுமை ஆய்வகத்தின் தெற்காசியப் பிரிவு போன்ற இடங்களில் முதுகலை முடித்தவர்களை இப்படி எடுக்கிறார்கள், சென்னையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. அப்புறம் முனைவர் பட்டம், ஐந்து வருடம். தன் பெயரில் ஓர் ஆய்வை நடத்தும்போது அவளுக்கு 32, 33 ஆகிவிடும். பொறியியல் படித்த பக்கத்து வீட்டுப் பையன் அதற்குள் வீடு கட்டியிருப்பான், அதைப் பார்த்துப் பொருமக் கூடாது. அதற்காகப் பட்டினி கிடக்கும் படிப்பும் இல்லை. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000.

கல்யாணம். மூன்று பக்கக் கடிதத்தில் ஒரு பக்கம் அதற்கே எழுதியிருக்கிறீர்கள். நான் கல்வி ஆலோசகன், தரகர் அல்ல. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன்: முதுகலை முடியும்வரை பேச்சை எடுக்காதீர்கள். உதவியாளர் வேலை பார்க்கும் வருடங்களில் பார்க்கலாம், மாப்பிள்ளை வீட்டாரிடம் "இன்னும் ஐந்து வருடம் படிப்பாள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டு. ஒளித்துச் செய்த இடங்களில்தான் படிப்பு நின்றுபோயிருக்கிறது.

குரூப் 2 எழுதட்டும் என்கிறீர்கள். எழுதட்டுமே, முதுகலைக்கு அது தடையில்லை. பி.எட். மட்டும் இப்போது வேண்டாம். இரண்டு வருடமும் பணமும் போகும், இந்தப் பாதைக்கு உதவாது.

சட்டத்தில் ஓரிடத்தை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன். 2002-ல் அரசியல் சாசனத்தைத் திருத்தியபோது 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. ஆறு வயதுக்குக் கீழே? அரசு "முயல வேண்டும்", அவ்வளவுதான். உரிமை என்றால் வழக்குப் போடலாம், முயல வேண்டும் என்றால் காத்திருக்கலாம். அப்படியும் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று சொன்னது. சரி, 40 பேர் இல்லாத குடியிருப்பு என்ன செய்யும்? செங்கல் சூளையில் எட்டு மாதம் தங்கிவிட்டுக் கிளம்பும் குடும்பத்தை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? விடியும் முன்னே மல்லிகை எடுக்கப் போகும் தாய், மையம் திறக்கும்வரை பிள்ளையை யாரிடம் விடுவாள்? இதையெல்லாம் பெங்களூரில் அவளோடு படிக்கப்போகும் பிள்ளைகள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வார்கள். அவள் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு வீட்டு விசிட் வந்தபோதே பார்த்துவிட்டாள்.

வருகிற சனிக்கிழமை அவளை அரசரடி ஆபீசுக்கு அழைத்து வாருங்கள். ஆரப்பாளையம் வரை போக வேண்டாம், வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். மார்க் ஷீட் எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ். அதற்கு முன் அவளுக்கு ஒரு வேலை: உங்கள் மையத்துக்குட்பட்ட தெருக்களில் இரண்டு சாயங்காலம் நடந்து, பதிவேட்டில் இல்லாத குழந்தைகள் எத்தனை பேர், ஏன் இல்லை என்று எழுதி வரட்டும். பெயர் எழுத வேண்டாம், வயதும் காரணமும் போதும். நீங்கள் உதவக் கூடாது. ஒரு மணிக்கு ஆபீஸ் பூட்டிவிடுவேன்.