காலி நாற்காலி

கேள்வி: 2020-இல் சிங்கப்பூரில் கொவிட் பரவலைத் தடுக்க எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன சர்க்கிட் பிரேக்கர் சமயத்தில் எனக்கு முதல் பிரசவம். சென்னையிலிருந்து அம்மாவால் வர முடியவில்லை, ஸ்கேனுக்கும் தனியாகத்தான் போனேன். இப்போது மறுபடியும் ஆறு மாதம். மின்தூக்கியில் யாராவது இருமினாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை. "சும்மா எதையாவது யோசிக்காதே" என்கிறார் கணவர்.
– ஈசூன் வாசகி

பதில்: அவர் அப்படிச் சொல்வது சரியில்லை, தங்கச்சி. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை வீட்டுக்குள் அடைந்து கிடந்து, பத்தியம் சமைத்துப் போடவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் ஆளில்லாமல் தவித்த பல பெண்கள் இன்னும் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அன்று பட்ட பயம் அப்படியே உள்ளே தங்கிவிட்டது. அடுத்த பரிசோதனையில் குழந்தையின் துடிப்பைக் கேட்டதும் எழுந்து வந்துவிடாமல், தூக்கம் வராததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு. கடந்த 7 நாள்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும், சில நிமிடம்தான். கேகே மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு மனநல ஆலோசனையும் உண்டு. நடுராத்திரியில் மனம் தாங்கவில்லையா, தேசிய மனநல உதவி எண் 1771-ஐ அழையுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-ஐ அழையுங்கள்.

அப்புறம், கணவரையும் கூட்டிப் போங்கள். ஸ்கேன் அறையில் அன்று காலியாகக் கிடந்த நாற்காலியில் இந்த முறை அவர் உட்காரட்டும்.